275 ரூபாய் காப்பீடு: வளைகுடா போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

பத்தாம் வகுப்பு தேறாமல் சவூதி, குவைத், ஓமன் பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகை; அதாவது, இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகை. இவர்கள் இமைக்ரேட் என்ற மத்திய அரசு இணையதளத்தில் அந்த அனுமதி வாங்க, பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டுப் பாலிசி கட்டாயம். பிரீமியம் 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375, வரி தனி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். இந்த விலைக்கு இது பெரிய பாதுகாப்பு. 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதலாளி மாறினாலும் வேலை இடம் மாறினாலும் பாலிசி செல்லும். அதுதான் இதன் ஆகப்பெரிய பலம்.

ஆனால் மாரடைப்பு விபத்துக் கணக்கில் வராது. கொளுத்தும் வெயிலில் உழைப்பவர்களுக்கான திட்டத்தில் இப்படியொரு ஓட்டை இருப்பது வேதனை. ஊரிலேயே தனியாக, இயற்கை மரணத்துக்கும் பணம் தரும் ஒரு டேர்ம் பாலிசி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

விசிட் விசாவில் போய் அங்கே வேலை தேடுகிறவர்கள் குடியேற்ற அனுமதி வாங்குவதில்லை. அதனால் இந்தப் பாலிசியும் கையில் இருக்காது.

நாமினி பெயரில்தான் சிக்கல் அதிகம். பாலிசியில் ‘மு. செல்வி’, ஆதாரில் ‘செல்வி முருகன்’, வங்கிப் புத்தகத்தில் வெறும் ‘செல்வி’ என்றிருந்தால், பணம் கேட்கும்போது அலைச்சல்தான். மூன்றிலும் ஒரே எழுத்தாக இருக்கட்டும். பாலிசி நகல் ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் நீண்டால், காலாவதிக்கு முன்பே ஆன்லைனில் புதுப்பித்துவிடுங்கள்.