பாரிஸ்–ஸ்டாக்ஹோம் விமானம் தாமதமா? 250 யூரோவுக்குத் தலையாட்டிவிடாதீர்கள்

பாரிஸ் சார்ல் த கோலில் ஏறி, ஸ்டாக்ஹோம் ஆர்லாண்டாவில் நான்கு மணி நேரம் தாமதமாக இறங்கியிருக்கிறீர்கள். விமானத்தில் கோளாறு. இழப்பீடு கேட்டால், "இரண்டரை மணி நேரக் குறும்பயணம்தானே, 250 யூரோ" என்று பணிவாக ஒரு பதில் வரும். சரி என்று வங்கி விவரம் கொடுத்தால் தலைக்கு 150 யூரோ போச்சு. நான்கு பேர் குடும்பம் என்றால் 600.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்வது பறக்கும் நேரம் அல்ல, தூரம். 1500 கி.மீ. வரை 250 யூரோ. அதைத் தாண்டினால், ஒன்றியத்துக்குள் 400. ஏறிய விமான நிலையத்துக்கும் இறங்கிய நிலையத்துக்கும் இடையே பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய கோடுதான் அந்தத் தூரம். சார்ல் த கோல்–ஆர்லாண்டா சுமார் 1540 கி.மீ. 1500 என்ற வரம்பைத் தாண்டி நாற்பதே கி.மீ. என்பதால்தான் இந்தத் தடத்தில் ஏமாற்றுவது சுலபம்.

இதே ஊர்ப்பெயர்களை வைத்து எதிர்ப்பக்கமும் ஒரு வலை விரிகிறது. மலிவு விமானங்கள் "பாரிஸ்" என்று விற்கும் போவே விமான நிலையம், நகரிலிருந்து 80 கி.மீ.க்கு மேல்; "ஸ்டாக்ஹோம்" என்று விற்கும் ஸ்காவ்ஸ்டா சுமார் 100 கி.மீ. (இரண்டு பக்கமும் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், டிக்கெட்டில் அது இருக்காது.) இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 1410 கி.மீ.தான், ஆக 250 யூரோ. ஊருக்கு ஊர் தூரத்தைக் காட்டி "400 வாங்கித் தருகிறோம்" என்று கையெழுத்து வாங்கும் இடைத்தரகர், கடைசியில் அந்த 250-லும் கமிஷன் பிடிப்பார்.

வழியில் விமானம் மாறிப் போனாலும் கணக்கில் தூரம் கூடாது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன வழக்கில் பறந்தது 1656 கி.மீ., நேர்த்தூரம் 1326. நேர்த்தூரமே கணக்கு என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்து ஏமாற்றும் இடம் கடிகாரம். மூன்று மணி நேரத் தாமதம் இருந்தால்தான் இழப்பீடு. நிறுவனம் சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தை எழுதி 2 மணி 50 நிமிடம் என்று கைவிரிக்கும். அதே நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பின்படி, ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்க அனுமதிக்கப்படும் நொடிதான் வந்து சேர்ந்த நேரம். கதவு திறந்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், நேரம் அதிலேயே பதிந்துவிடும்.

பாதியாக்கி 200 என்று வந்தாலும் உடனே ஏற்காதீர்கள். ரத்தான விமானத்துக்கு மாற்று விமானம் தந்து, இந்தத் தூரத்தில் மூன்று மணி நேரத் தாமதத்துக்குள் சேர்த்திருந்தால்தான் அது செல்லும். வவுச்சரும் அப்படியே: நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதிக்காமல் பணத்துக்குப் பதிலாகத் திணிக்க முடியாது.

பதில் எழுதும்போது ஊர்ப்பெயர் வேண்டாம். போர்டிங் பாஸில் உள்ள மூன்றெழுத்து நிலையக் குறியீடுகள் இரண்டையும், அவற்றுக்கிடையேயான கி.மீ. கணக்கையும், கதவு திறந்த நேரத்தையும், 261/2004 விதியின் 7-ஆவது பிரிவு என்பதையும் மட்டும் போடுங்கள்.