நடையா, தட்டா, டப்பாவா: புரோஸ்டேட் புற்றுநோயும் எங்கள் இரண்டு வீடுகளும்

என் அப்பா இருப்பது பூம்பாறையில், வயது 71. என் மாமனார் இருப்பது தாண்டிக்குடியில், வயது 74. ஒரே வருடத்துக்குள் இருவருக்கும் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரியவந்தது. நான் கொடைக்கானலில், மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் நடுவில் இருக்கிறேன். இரண்டு வீட்டிலிருந்தும் எனக்கு வந்த முதல் கேள்வி ஒன்றுதான்: "இனிமே என்னம்மா சாப்பிடணும்?"

அந்தக் கேள்வியோடு ஒரு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆய்வுகளைத் தேடிப் படித்து, புரியாததை மதுரை டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியில், சாப்பாட்டில் தொடங்கியதே தப்பான இடமோ என்று தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இருவர் நிலைமையும் வேறு வேறு. அப்பாவுக்குக் கட்டி சின்னது, மெதுவாக வளரும் வகை. அறுவை சிகிச்சை இல்லை, கதிர்வீச்சு இல்லை. குறித்த இடைவெளியில் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம்) அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன், சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சி. இதைக் கண்காணிப்பு என்கிறார்கள். மாமாவுக்கு நோய் சுரப்பியைத் தாண்டிவிட்டது. எலும்புக்குப் போகவில்லை என்பது ஆறுதல். அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. ஒருவருக்குப் பொருந்தும் யோசனை மற்றவருக்கு அப்படியே பொருந்தாது என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

என் கண்ணைத் திறந்தது பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் என்ற ஆய்வு. சுரப்பிக்குள்ளேயே நோய் அடங்கியிருந்த 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள். சிலருக்கு அறுவை சிகிச்சை, சிலருக்குக் கதிர்வீச்சு, மற்றவர்களுக்குக் கண்காணிப்பு. சுமார் 15 வருடம் கழித்து, 2023இல் முடிவு வந்தது. மொத்தம் 356 பேர் இறந்திருந்தார்கள். அதில் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர் மட்டும். மூன்று பிரிவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மற்ற 311 பேரையும் கொண்டுபோனது வேறு வேறு காரணங்கள்.

அப்பாவைப் போன்றவர்களுக்கு இது பெரிய செய்தி. அவருக்கு பிரஷர் இருக்கிறது, நாற்பது வருடம் பீடி பிடித்த நெஞ்சு இருக்கிறது. ஆகவே எந்த யோசனை வந்தாலும் நான் கேட்பது இரண்டு கேள்வி. இது புற்றுக்கு உதவாமல் போனாலும் இதயத்துக்காவது உதவுமா? கெடுதல் ஏதும் செய்யுமா? இந்த இரண்டையும் வைத்துத்தான் எல்லாவற்றையும் எடைபோட்டேன்.

பீடி

இதில் ஒப்பிட எதுவுமே இல்லை. 2011இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் புரோஸ்டேட் புற்றுநோய் வந்த 5,366 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் தெரிந்த சமயத்தில் புகைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நோயாலேயே இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட 61 சதவீதம் கூடுதல். விட்டுப் பத்து வருடம் தாண்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு, புகைக்காதவர்களை ஒட்டியே இருந்தது. பூண்டுக் காட்டில் விடியற்காலைக் குளிருக்கு ஒரு பீடி என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. நாலு நாள் கழித்து அம்மா போன் பண்ணி, பீடிக்கட்டை அடுப்பில் போட்டுவிட்டார் என்று சொன்னாள். நான் அழுதுவிட்டேன்.

நடை

நடையைப் பற்றிப் பேசினாலே மலைக்காரர்களுக்குக் கோபம் வரும். "பொறந்ததுல இருந்து மேடு பள்ளம் ஏறி எறங்குறவன நடக்கச் சொல்றியா?" என்று அப்பாவும் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆய்வுகள் எவ்வளவு நேரம் என்பதோடு எவ்வளவு வேகம் என்பதையும் பார்க்கின்றன.

2011இல் வந்த ஓர் ஆய்வில் சுரப்பியோடு நின்ற நோய் உள்ள 1,455 பேர் இருந்தார்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ வேகமாக நடந்தவர்களுக்கு நோய் முற்றும் வேகம் 57 சதவீதம் குறைவாக இருந்தது. ஆற அமர, அதுவும் குறைந்த நேரம் நடந்தவர்களோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு இது. அதே வருடம் ஹார்வர்டிலிருந்து 2,705 நோயாளிகளைப் பற்றி இன்னொன்று வந்தது. மூச்சு வாங்க வைக்கும் உடற்பயிற்சியை வாரம் மூன்று மணி நேரமாவது செய்தவர்கள் இந்தப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவு. பீடிக்கு அந்தப் பக்கம் வந்த அதே 61 இங்கே நம் பக்கம் வருகிறது.

வேகமான நடை என்று அவர்கள் வைத்த அளவு மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். எங்கள் கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் பாதையும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஆக, ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்தால் அது வேகநடை, வாரத்துக்கு மூன்று சுற்று போதும். இதைவிட எளிதாக யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கூட்டிவந்து கடிகாரத்தைப் பார்த்து நடக்கவிட்டேன். வழியில் தெரிந்தவர்களிடம் நின்று பேசியதையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆனது. காட்டு வேலையில் அவர் நாள் முழுக்க நிற்கிறார், குனிகிறார், சுமக்கிறார். எல்லாம் உழைப்புதான். ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்குத் தொடர்ந்து முப்பது நிமிடம் நடப்பது அதில் இல்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. இவை இரண்டும் மக்களைக் கவனித்துச் செய்த ஆய்வுகள். நோய் கடுமையாக இருப்பவரால் வேகமாக நடக்க முடியாமலும் இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் அதைக் கழித்துப் பார்க்க முயன்றிருக்கிறார்கள், முழுதாகக் கழிக்க முடியாது. குலுக்கிப் போட்டுப் பிரித்துச் செய்த சோதனையும் ஒன்று உண்டு. கனடாவில், அப்பாவைப் போலக் கண்காணிப்பில் இருந்த 52 பேர். பாதிப்பேருக்கு 12 வாரம், வாரம் மூன்று நாள், டிரெட்மில்லில் கடுமையான பயிற்சி. 2021இல் வந்த முடிவில், பயிற்சி செய்தவர்களுக்கு உடல்திறன் கூடியது, பிஎஸ்ஏ சற்றே குறைந்தது. ஆயுள் கூடுமா என்று சொல்ல 52 பேர் போதாது. ஆனாலும் திசை ஒன்றாகத்தான் இருக்கிறது. இதயத்துக்கு நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. என் இரண்டு கேள்விக்கும் நடை நல்ல பதிலைத் தந்துவிட்டது.

தட்டு

காய்கறி விளையும் ஊர்க்காரி நான். கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோஸும் நோயை விரட்டும் என்று கேட்க எனக்கும் ஆசைதான். அதைச் சோதித்த ஆய்வின் பெயர் மீல். 2020இல் முடிவு வெளியானது. கண்காணிப்பில் இருந்த 478 ஆண்கள். ஒரு பாதிப்பேருக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லிச் சொல்லி, நாளைக்கு ஏழு பங்கு காய்கறியாவது சாப்பிட வைக்கப் பார்த்தார்கள். அவர்களும் காய்கறியைக் கூட்டினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், நோய் வளர்வதில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

இதைப் படித்த அன்று எனக்கு மனசே விட்டுப்போனது. அப்புறம் யோசித்தேன். காய்கறி வேண்டாம் என்று அது சொல்லவில்லை. அதை மருந்தாக நம்பி மற்றதை விட்டுவிடாதே என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. மலைப்பூண்டுக்கும் இதே பதில்தான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, எங்கள் பெருமை, ரசத்திலும் குழம்பிலும் தாராளமாகப் போடலாம். பச்சையாகப் பத்துப் பல் விழுங்கினால் கட்டி கரையும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. பூண்டை அதிகமாக எடுத்தால் ரத்தம் உறைவது தாமதமாகலாம். பயாப்சிக்குப் போகிறவர் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

தட்டில் எனக்கு நம்பிக்கை தந்த மாற்றம் எண்ணெய்ப் பக்கத்திலிருந்து வந்தது. 2013இல் 4,577 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வு. சாப்பிடும் கலோரியில் பத்து சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுத்துத் தாவரக் கொழுப்பாக மாற்றினால், நோய் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போகும் வாய்ப்பு 29 சதவீதம் குறைவு என்று கணக்கிட்டார்கள். இதுவும் கவனித்துச் சொன்னதுதான், ஆனால் இதயத்தின் கணக்கோடு ஒத்துப்போகிறது. நாளைக்கு 2,000 கலோரி என்றால் பத்து சதவீதம் 200. சோற்றில் ஒரு பெரிய கரண்டியைக் குறைத்து, ஒரு கைப்பிடி வேர்க்கடலை வைத்தால் கிட்டத்தட்ட சரியாகிவிடும்.

இந்த இடத்தில் கீழ்மலை ஜெயிக்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்து நடுவிலேயே வெண்ணெய்ப்பழ மரம் நிற்கும். பாதிப் பழத்தில் நல்ல கொழுப்பு நிறைய இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் அதைப் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்து ஜூஸாகக் குடிப்பதுதான் வழக்கம். சுகர் உள்ள மாமாவுக்கு அது ஆகாது. உப்பும் மிளகும் எலுமிச்சையும் போட்டுப் பிசைந்து தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தார், இப்போது அவரே கேட்கிறார்.

மேல்மலைத் தட்டில் உருளைக்கிழங்கும் சோறும் அதிகம். அங்கே குறைப்பதுதான் வேலை. கொழுப்பு எடுக்காத பாலை நிறையக் குடித்தவர்களிடம் நோய் திரும்புவது கூடுதலாகத் தெரிந்தது என்று ஓர் ஆய்வு சொல்வதால், அப்பாவுக்குக் கொழுப்பு குறைந்த பால். தக்காளியை எண்ணெயில் வதக்கினால், அதற்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் என்ற சத்து உடம்பில் நன்றாகச் சேரும். நம் வீட்டில் எப்படியும் வதக்கித்தானே சமைக்கிறோம், அதற்கென்று தனியாக எதுவும் வேண்டாம்.

டப்பா

ஆண்களின் ஆரோக்கியத்துக்கு என்று எழுதிய மாத்திரை டப்பா ஒன்றை உறவுக்காரர் ஒருவர் அக்கறையோடு வாங்கி வந்தார். வைட்டமின் ஈ, செலினியம். இந்த இரண்டையும் வைத்தே 2001இல் அமெரிக்காவில் செலக்ட் என்ற பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். நோய் இல்லாத 35,533 ஆண்கள். பலன் தெரியாததால் 2008இல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2011இல் கணக்குப் பார்த்தபோது, வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. தடுக்கும் என்று நம்பிக் கொடுத்தது கூட்டிவிட்டது. சோயா புரதப் பொடியும் அப்படித்தான். அறுவை சிகிச்சை முடிந்த 177 பேருக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த சோதனையில் நோய் திரும்புவது குறையவில்லை, 2013இல் வெளியிட்டார்கள்.

மீன் எண்ணெய் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. 2024இல் வந்த ஒரு சிறு சோதனையில், கண்காணிப்பில் இருந்த 100 பேரில் பாதிப்பேர் பொரித்ததையும் பாக்கெட் தீனியையும் குறைத்து, மீனும் மீன் எண்ணெய் மாத்திரையும் எடுத்தார்கள். ஒரு வருடத்தில் கட்டியின் செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் அளவு அவர்களுக்குக் குறைந்தது, மற்றவர்களுக்குக் கூடியது. நல்ல அறிகுறிதான், ஆனால் நோய் எவ்வளவு கடுமையானது என்று காட்டும் தரநிலை மாறவில்லை. அப்பாவுக்கு மாத்திரை வாங்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மத்திமீன் குழம்பு, வத்தலக்குண்டிலிருந்து வாங்கி வருகிறோம்.

மாமாவின் கணக்கு வேறு

ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று ஒடுங்கும் என்று சார்ல்ஸ் ஹகின்ஸ் 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். மாமாவின் ஊசி அந்த வழியில் வந்ததுதான். நோயை அடக்குகிறது, கூடவே தசையைக் கரைக்கிறது, எலும்பை மெலிய வைக்கிறது, வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கிறது, சுகரை ஏற்றுகிறது. ஆகவே அவருக்கு வெறும் நடை போதாது, தசைக்கு வேலை வேண்டும். கனடாவில் ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 155 பேரை வைத்து 2003இல் வந்த சோதனையில், வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியை 12 வாரம் செய்தவர்களுக்குச் சோர்வு குறைந்தது, பலம் கூடியது.

பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி மாமா நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருகிறார், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குகிறார். எலும்பில் நோய் பரவியவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. அவர் தட்டில் கேழ்வரகு அடிக்கடி வரும். 100 கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் போதும் என்றார் டாக்டர், அதற்கு மேல் அள்ளிக் கொட்ட வேண்டாம். மழைக்காலத்தில் பாசி பிடித்த படியில் விழாமல் இருப்பது இவருக்கு எந்த மாத்திரையைவிடவும் முக்கியம். கொல்லைப்படிக்குக் கைப்பிடிக் கம்பி போட்டுவிட்டோம்.

காப்பிக்காரர் என்பதால் மாமா ஒன்று கேட்டார்: "காப்பி நல்லதாமே?" 2011இல் ஹார்வர்ட் ஆய்வில் நாளைக்கு ஆறு கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களுக்குக் கொடிய வகை நோய் வருவது 60 சதவீதம் குறைவாக இருந்தது உண்மை. அது நோய் வருமுன் குடித்தவர்களின் கதை. ராத்திரி சிறுநீர் கழிக்க நாலு தடவை எழுந்திருப்பவருக்கு ஆறு கப் எப்படிச் சரியாகும்? காலையில் இரண்டு, சர்க்கரை இல்லாத வரக்காப்பி என்று பேசி முடித்தோம்.

போன ஞாயிறு அப்பா ஏரியை ஒரு மணி நாலு நிமிடத்தில் சுற்றி வந்தார். படகுத் துறைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்று, "இப்பப் பாட முடியல, சரியா?" என்றார்.