மெல்க்கா, கோட்வைக்கா? கார் இல்லாதவருக்கு எந்த மடம்?

வியன்னாவிலிருந்து ஒரு நாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால், டான்யூப் கரையில் இருக்கும் வாக்காவ் பள்ளத்தாக்கைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். அதன் மேல்முனையில் மெல்க், கீழ்முனையில் கோட்வைக். இரண்டும் குன்றின் மேல் நிற்கும், பெனடிக்டின் என்ற கத்தோலிக்கத் துறவியர் பிரிவின் மடங்கள். இரண்டும் 11ஆம் நூற்றாண்டில் தொடங்கியவை, 18ஆம் நூற்றாண்டில் பரோக் என்ற ஆடம்பர அலங்காரப் பாணியில் புதிதாக எழுந்தவை. இரண்டையும் பொதுப் போக்குவரத்திலேயே பார்த்தவன் நான். ஒன்றுதான் முடியும் என்றால், மெல்க் போங்கள்.

காரணம் கலை அல்ல, கால். மெல்க் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே மஞ்சள் சுவர் தெரியும். ஊர்த் தெரு வழியாகக் கால் மணி நேர நடைதான். வயதான பெற்றோரும் நின்று நின்று ஏறிவிடுவார்கள். கோட்வைக் அப்படியில்லை. பக்கத்து ஊரான கிரெம்ஸ் வந்து, வண்டி மாறி, அடிவாரத்தில் இறங்கிய பிறகு ஏறக்குறைய 200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். வெயில் நாளில் மேலே போய்ச் சேரும்போது ஓவியம் பார்க்கும் மனநிலை பாதி போயிருக்கும். கிரெம்ஸிலிருந்து டாக்ஸி பிடிக்கலாம். ஆனால் திரும்புவதற்கும் அப்போதே பேசி வைத்துவிடுவது நல்லது.

மெல்க்குக்கு ஆறும் துணை. காலையில் ரயிலில் போய் மடம் பார்த்துவிட்டு, அங்கிருந்து கிரெம்ஸுக்குப் படகு ஏறினால் நீரோட்டத்தோடு இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இதையே எதிர்த்திசையில் செய்தால் மூன்று மணி நேரம் ஆகும். வழியில் டியூர்ன்ஷ்டைன் என்ற ஊரில், இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192இல் சிறைவைத்த கோட்டையின் இடிபாடு மலைமேல் தெரியும். படகு குளிர்காலத்தில் ஓடாது. நான் போனது கோடையில் என்பதால், மற்ற பருவங்களுக்கு இந்தத் திட்டம் அப்படியே பொருந்தாது.

மெல்க்கின் உள்ளே நூலகமும் தேவாலயமும் பேர்போனவை, அதிகம் சொல்லத் தேவையில்லை. என்னை நிறுத்தியது பளிங்கு மண்டபம். பெயர்தான் பளிங்கு, கதவுச் சட்டங்கள்தான் அசல், சுவரெல்லாம் பளிங்கு போலத் தேய்த்து மெருகேற்றிய சுண்ணச் சாந்து. தரை நடுவே ஓர் இரும்புக் கிராதி இருக்கும். கீழிருந்து சூடான காற்று வர அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. எல்லோரும் ஓவியர் பால் ட்ரோகர் வரைந்த கூரையை அண்ணாந்து பார்த்தபடி அதை மிதித்துக் கடந்துவிடுகிறார்கள்.

கோட்வைக் ஒரு விஷயத்தில் மெல்க்கை அடித்துவிடும்: பேரரசப் படிக்கட்டு. 1739இல் அதே ட்ரோகர் அதன் கூரையில் பேரரசர் ஆறாம் சார்லஸைச் சூரிய தேவனாகவே வரைந்து வைத்திருக்கிறார் (ராஜாவுக்கு ஐஸ் வைப்பது எல்லா ஊரிலும் உண்டு). 1718 தீ விபத்துக்குப் பின் கட்டடக் கலைஞர் ஹில்டபிராண்ட் மடத்தைப் புதிதாகக் கட்டப் போட்ட மாபெரும் திட்டம் பாதியில் நின்றுபோனது. கூட்டமும் குறைவு. உணவகத் திண்ணையில் உட்கார்ந்து, மடத்துத் தோட்டத்து ஆப்ரிகாட் சாறு குடித்துக்கொண்டே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம்.

இரண்டையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். படகு கிரெம்ஸ் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு மட்டும் என் கணக்கு பொருந்தாது. வண்டி மேலேயே போய்விடும் என்பதால், அவர்கள் கோட்வைக்கைத் தாராளமாக முதலில் வைக்கலாம்.