மணாலியா, குல்மார்க்கா? பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பனி பார்க்கப் போகிறவர்களுக்கு

மூணாறில் ஜனவரி விடிகாலையில் புல்மேல் வெள்ளையாகப் படியும் உறைபனி வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். கால் புதைகிற பனி வேண்டுமென்றால் இமயமலைதான். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் யாரைக் கேட்டாலும் இரண்டு பெயர்தான் சொல்வார்கள்: இமாச்சலில் மணாலி, காஷ்மீரில் குல்மார்க். உத்தரகண்டில் இருக்கும் ஆலியையும் சிலர் விசாரிப்பதுண்டு. அதன் கீழே உள்ள ஜோஷிமட் ஊரில் 2023 ஜனவரியில் நிலம் இறங்கியபோது ஆலிக்குப் போகும் ரோப்வே நின்றது. குழந்தைகளோடு முதல் தடவை போகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

மணாலி ஊர் சுமார் 2,050 மீட்டர் உயரம். டிசம்பரில் ஊருக்குள்ளேயே பனி கிடக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பனியைத் தேடி 13 கி.மீ. தள்ளியிருக்கும் சோலாங்குக்கோ, 9 கி.மீ. நீள அடல் சுரங்கத்தைத் தாண்டி சிஸ்ஸுவுக்கோ வண்டி பிடிக்க வேண்டும். ரோத்தாங் கணவாய் குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும். ஜனவரி பேக்கேஜில் ரோத்தாங்கைச் சேர்த்து விற்கிற ஏஜென்டிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். பெரிய சிக்கல் வேறு: பனி நன்றாகக் கொட்டுகிற அன்றைக்குத்தான் போலீஸ் சாலையை மறிக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியையோ டயரில் சங்கிலி கட்டியதையோதான் விடுவார்கள். டெல்லியிலிருந்து வந்த டெம்போ டிராவலர் கீழேயே நிற்கும். இரண்டே இரவு தங்கி, அதில் ஒரு பகல் இப்படிப் போனால் பயணமே வீண். மூன்று இரவாவது போடுங்கள்.

குல்மார்க் 2,650 மீட்டர். அங்கேயே அறை எடுத்தால் வாசலில் இறங்கினாலே பனி. அறைகள் குறைவு, வாடகை அதிகம். செலவைக் குறைக்க 13 கி.மீ. கீழே தங்மார்க்கில் தங்கலாம். ஆனால் பனி விழுந்தால் அங்கிருந்து சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். மலைமேல் ஏற்றிச் செல்லும் கொண்டோலா என்கிற ரோப்வேக்கு டிக்கெட்டை, கிளம்புமுன் நம்ம ஊரிலேயே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். முதல் கட்டம் கொங்டூரி வரை. இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டருக்கு ஏற்றிவிடும், காற்று பலமாக இருந்தால் ஓடாது. இதய நோயாளிகளும் கைக்குழந்தைக்காரர்களும் முதல் கட்டத்தோடு நிற்பது நல்லது. மேலே தலைவலி, குமட்டல் வந்தால் போட்டோவுக்காகக் காத்திருக்காமல் உடனே இறங்குங்கள். குல்மார்க்குக்கும் உத்தரவாதம் கிடையாது: 2024 ஜனவரியில் பெரும்பாலான நாள் அங்கே வெறும் காய்ந்த புல்தான்.

போக்குவரத்தில் பாலக்காட்டுக்காரர்களுக்கு வசதி உண்டு. கேரளா எக்ஸ்பிரஸ் தினமும் டெல்லிக்குப் போகிறது; ரயிலில் இரண்டு இரவு, பிறகு மணாலிக்கு 12 முதல் 14 மணி நேர வால்வோ. வடக்கே மூடுபனியால் ரயில் தாமதமாகும், அதனால் வந்து சேரும் அன்றைய பஸ்ஸுக்கே டிக்கெட் போடாதீர்கள். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை ஜம்மு பக்கத்துக் காட்ரா வரை போகிறது; அங்கிருந்து 2025 ஜூன் முதல் ஓடும் வந்தே பாரத் மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகரில் விடும். கோயம்புத்தூரிலிருந்து விமானம் என்றால் டெல்லி மாறி ஒரே நாளில் ஸ்ரீநகர். விடுப்பு ஐந்து நாள்தான் என்றால் குல்மார்க், பத்து நாள் இருந்து செலவைக் குறைக்க வேண்டும் என்றால் மணாலி. எதுவானாலும் சபரிமலைக் கூட்டமும் பொங்கலும் முடிந்து, ஜனவரி 20க்கு மேல் பிப்ரவரி நடுவுக்குள் போங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும்.

உடுப்பில் பலரும் தவறுவது பருத்தி பனியனில். வியர்வையைக் குடித்து ஈரமாகவே உடம்பில் ஒட்டும், நடை நின்றதும் நடுக்கம் தொடங்கும். உள்ளே உடம்போடு ஒட்டும் தெர்மல், மேலே மெத்தென்ற ஃபிளீஸ் சட்டை, அதற்கு மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட். சோலாங் போகும் வழிக் கடைகளில் வாடகைக்குக் கொடுக்கும் கம்பூட் வெறும் ரப்பர், குளிரைத் தடுக்காது. ஒரு சைஸ் பெரியதாக வாங்கி, மெல்லிய சாக்ஸுக்கு மேல் கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும். தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே கட்டியாகிவிடும், வாஸ்லின் எடுத்துப் போங்கள்.

அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு ஜன்னலை அடைத்துத் தூங்கவே கூடாது; கரியிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. காஷ்மீருக்குப் போகும் குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு சிம் இருக்கட்டும், வெளிமாநில ப்ரீபெய்டு அங்கே வேலை செய்யாது.