கேபிள் வழி மெஷ் வைஃபை: பல மாதப் பயன்பாட்டில் தெரியவருபவை

வீட்டில் ஆங்காங்கே வைத்த பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவதுதான் மெஷ். பேக்ஹாலுக்கென (கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பு) தனி ரேடியோ இல்லாத மெஷ் கருவி, போனுக்கும் மெயின் ரவுட்டருக்கும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசுகிறது. அதனால் இடையில் ஒரு கருவி வந்தாலே வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஈதர்நெட் கேபிள் இழுத்தால் இந்தத் தொல்லை தீரும்.

ஆனால் மாதக்கணக்கில் ஓடும்போது மக்கர் செய்வது பெரும்பாலும் மெஷ் கருவி அல்ல, கேபிளின் முனைகள்தான். முழுச் செம்பாலான கேட்6 ரக ஈதர்நெட் கேபிள் மட்டுமே வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி வளைத்தால் எளிதில் முறியும். இரு முனையிலும் கம்பிகளின் நிற வரிசை ஒன்றாக இருக்கட்டும், 568பி எனும் வரிசை போதும். கனெக்டருக்குள் நுழைக்கும்போது ஜோடிகளின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள். 1 ஜிபிபிஎஸ் வர எட்டுக் கம்பிகளும் வேண்டும். 4, 5, 7, 8 இவற்றில் ஒன்று விட்டுப்போனால் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். ஸ்பீட் டெஸ்ட் எப்போது பார்த்தாலும் 94-95லேயே நின்றால் வைஃபையைக் குறை சொல்லாமல் முதலில் அந்த முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள் (கனெக்டரை அழுத்திப் பொருத்துங்கள்).

இணைக்கும் வரிசையும் முக்கியம்: மோடம், மெயின் மெஷ் கருவி, சுவிட்ச், பிறகு மற்றவை. சுவிட்சை மோடத்துக்கும் மெயின் கருவிக்கும் நடுவே வைத்தால் மற்ற கருவிகள் மெயினைத் தாண்டி நேராக மோடத்தைத் தேடும், நெட்வொர்க் குழம்பும். மோடமே ரவுட்டராகவும் இருந்தால் அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு மோடமாக மட்டும் இயங்கும் நிலை) மாற்றுங்கள். முடியாவிட்டால் மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் வைஃபை மட்டும் தரும் நிலை) வையுங்கள். இல்லையென்றால் இரட்டை நாட் (இரண்டு ரவுட்டர்கள் அடுத்தடுத்து ஐபி முகவரியை மாற்றும் நிலை) உருவாகி ஆன்லைன் விளையாட்டிலும் விபிஎன்னிலும் சிக்கல் வரும். புதுக் கருவியை முதலில் மெயின் பக்கத்தில் வைத்து ஆப்பில் சேர்த்துவிட்டு, அப்புறம் கேபிள் சொருகுவது பாதுகாப்பு.

கேபிள் இருக்கிறதே என்று அறைக்கொரு மெஷ் கருவி வைப்பது தவறு. எந்தக் கருவிக்குத் தாவுவது என்பதை முடிவு செய்வது போன். ஐபோன் -70 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலிமையின் அளவு) கீழே சிக்னல் இறங்கினால்தான் வேறு கருவியைத் தேடும். நெருக்கி வைத்தால் தூரத்துக் கருவியையே பிடித்துத் தொங்கும்.

பழைய பிரின்டர், ஸ்மார்ட் பிளக் ஒட்டவில்லையா? ஃபாஸ்ட் ரோமிங்கை (ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு விரைவாகத் தாவ உதவும் வசதி) அணைத்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறை வைத்து 2.4 கிகாஹெர்ட்ஸில் தனி வைஃபை பெயர் கொடுங்கள்.

ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு ஒவ்வொரு கருவியும் ஈதர்நெட்டில்தான் நிற்கிறதா என்று ஆப்பில் பாருங்கள். கேபிள் தளர்ந்தால் அந்தக் கருவி தானாக வயர்லெஸுக்கு மாறிவிடும். நெட் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது.