சங்கக்கடைக்காரன் வாசித்த மூன்று புத்தகங்கள்

பசியையும் விளையாட்டையும் ஒரே தலைப்பில் போட்டவர் பசி கிடந்து பார்த்தவராக இருக்க மாட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். மகள் கேட்டாள் என்பதற்காக வாங்கினேன். சூசன் கொலின்ஸ் எழுதிய ‘ஹங்கர் கேம்ஸ்’ தொடர், மூன்று புத்தகமும் ஒரு மட்டைப் பெட்டிக்குள். வவுனியாவில் ஒரு கடையில் 2,700 ரூபா சொன்னார்கள், 2,500க்கு முடித்தேன். கிளிநொச்சி பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்துகொண்டு பின்னட்டையை வாசித்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொல்கிற போட்டியாம், அதைத் தொலைக்காட்சியில் வேறு காட்டுவார்களாம். முறிகண்டியில் பஸ் நிற்க இறங்கிக் கச்சான் வாங்கினேன். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, இதை அவளிடம் கொடுப்பதா விடுவதா என்று அங்கேயே நின்று யோசித்தேன். நான் வாசித்து முடித்த பிறகு கொடுக்கலாம் என்று முடிவெடுத்தேன். அவளோ அன்றிரவே என் பையைக் கிளறி முதல் புத்தகத்தை எடுத்துவிட்டாள். நான் இரண்டாவது ஆளாகத்தான் வாசித்தேன், லிப்கோ அகராதி பக்கத்தில் இருக்க.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் கதையில் எதைத் தேடுகிறேன் என்பது விளங்காது. 2003இல் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுக்கிற வேலைக்குச் சேர்ந்தவன். இப்போதும் அங்கேதான், கணக்குப் பக்கம். அதனால் எந்தக் கற்பனை உலகத்துக்குள் போனாலும் நான் முதலில் பார்ப்பது களஞ்சியத்தைத்தான். சாப்பாடு எங்கிருந்து வருகிறது? யார் நிறுத்துக் கொடுக்கிறார்கள்? மகள் இதற்கு முன் ஹாரி பொட்டர் ஏழையும் முடித்தவள். அந்தப் பள்ளிக்கூடத்தில் மேசையில் கோழியும் கிழங்கும் தானாக வந்து நிறையும். “இவ்வளவையும் யார் சமைச்சது?” என்று ஒவ்வொரு இரவும் கேட்டு அவளுக்குக் கோபம் மூட்டினேன். நாலாவது புத்தகத்தில்தான் வந்தது விடை: நிலத்துக்குக் கீழே குசினி, அதில் சம்பளமில்லாமல் வேலை செய்யும் குட்டி உருவங்கள். “பாத்தியா?” என்றேன். அன்றைக்கு அவள் என்னோடு கதைக்கவில்லை.

ஹங்கர் கேம்ஸில் அந்தக் கேள்வியைக் கேட்கவே தேவை வரவில்லை. முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே களஞ்சியக் கணக்கு வந்துவிடுகிறது.

பனெம் என்று ஒரு நாடு. கப்பிற்றல் என்ற தலைநகரும் அதற்கு உழைத்துக் கொட்டும் 12 மாவட்டங்களும். ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 வயது முதல் 18 வயது வரையான பிள்ளைகளில் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஆக 24 பேர். 12 வயதில் உன் பெயர் ஒரு சீட்டு, 13இல் இரண்டு, இப்படி 18இல் ஏழு. இதுவரை சரி. ஆனால் வீட்டில் சாப்பாடு இல்லையென்றால் ஒரு வழி உண்டு. பெயரை இன்னொரு தடவை எழுதிக் கொடுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு வருசத்துக்கான தானியமும் எண்ணெயும் தருவார்கள், அதுவும் மட்டுமட்டாக. அதற்கு டெசரா என்று பெயர். குடும்பத்தில் எத்தனை தலையோ அத்தனை தடவை எடுக்கலாம். போன வருசச் சீட்டு அழியாது, கூடிக்கொண்டே போகும்.

கதையைச் சொல்லுகிற கட்னிஸுக்கு 16 வயது. அவளுடைய பெயர் 20 சீட்டில் இருக்கிறது. கூட வேட்டைக்குப் போகும் கேலுக்கு 18 வயது, அவனுக்கு 42. நான் நம்பவில்லை. எழுத்தாளர்கள் இலக்கத்தைச் சும்மா வாய்க்கு வந்தபடி போடுவார்கள் என்று நினைத்துக் கல்குலேற்றரை எடுத்தேன். கட்னிஸ் வீட்டில் மூன்று பேர், ஐந்து வருசம்: 15. வயதுக்கான சீட்டு 5. கூட்டினால் 20. கேல் வீட்டில் ஐந்து பேர், ஏழு வருசம்: 35. வயதுக்கு 7. கூட்டினால் 42. ஒரு சதம் பிழையில்லை. அந்த இடத்தில்தான் இந்த மனுசிமேல் எனக்கு மரியாதை வந்தது. கொலின்ஸின் தகப்பன் வியட்நாம் போருக்குப் போய் வந்தவராம். ஒருபக்கம் போட்டி நிகழ்ச்சி, மறுபக்கம் ஈராக் போர் என்று தொலைக்காட்சி அலைவரிசையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இரவில் இந்தக் கதை தோன்றியதாகவும் சொல்லியிருக்கிறா. நம்பக்கூடியதுதான்.

இன்னொன்று. முதல் பக்கங்களைப் புரட்டியபோது பதிப்பு ஆண்டு கண்ணில் பட்டது: 2008. மகள் போனில் தேடி, செப்டம்பர் 14 என்றாள். 2008 செப்டம்பரில் நான் எங்கே நின்றேன் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. போர் நெருங்க, ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறிய மாதம் அது. போகவேண்டாம் என்று சனம் அவர்களின் வாசலில் போய் இருந்தது. நானும் ஒரு மத்தியானம் போய் நின்றேன். பிறகு நாங்களும் வெளிக்கிட்டோம். சங்கமும் சனத்தோடு இடம்பெயர்ந்தது. தராசும் படிக்கற்களும் உழவு இயந்திரப் பெட்டியில் தருமபுரத்துக்கு வந்தன. அதே கிழமை உலகத்தின் மறுபக்கத்தில் கடைகளில் பிள்ளைகள் இந்தப் புத்தகத்தை வாங்கியிருக்கிறார்கள். இதில் யாருக்கும் குற்றமில்லை. ஆனாலும் அன்றிரவு மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை.

சரி, கதைக்கு வருவோம். இந்தத் தொடரில் நான் மறக்காமல் இருக்கப்போவது சண்டைகளை இல்லை, பாணை. தகப்பன் சுரங்கத்தில் செத்த பிறகு கட்னிஸ் மழையில் நனைந்துகொண்டு வெதுப்பகத்தின் பின்பக்கம் குப்பைவாளியைக் கிளறுகிறாள். (பேக்கரி என்றே இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது வெதுப்பகம்தான், அந்தக் காலத்துப் பழக்கம்.) வெதுப்பகக்காரரின் மகன் பீட்டா இரண்டு பாணை வேண்டுமென்றே நெருப்பில் கரியவிடுகிறான். தாயிடம் அடி வாங்குகிறான். பன்றிக்குப் போடு என்று அவள் சொன்ன பாணை இவள் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிறான். கொடுத்தவன் முகத்தைப் பார்க்காமல் போவது எவ்வளவு பெரிய மரியாதை என்று நிவாரண வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். வரிசையின் மற்றப் பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியும். முகம் பார்க்காமல் நிறுக்கப் பழகத்தான் எனக்கு அதிக காலம் எடுத்தது.

பெயர் விசயமும் பிடித்தது. கட்னிஸ் என்பது தண்ணீரில் வளரும் ஒரு செடி, அதன் கிழங்கைச் சாப்பிடலாம். தகப்பன் வைத்த பெயர் அது. வன்னேரிக்குளத்தில் எங்கள் அம்மம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் காலால் துழாவிக் கொட்டிக்கிழங்கு எடுப்பா. கால்விரலால் கிள்ளி மேலே கொண்டுவருகிற அந்த வித்தை எனக்கு வரவேயில்லை. மகளுக்கு இதைச் சொன்னேன். “அப்ப எனக்குக் கொட்டி எண்டு பேர் வைச்சிருப்பீங்களோ?” என்றாள்.

குறைகளும் இருக்கின்றன. முதற்குறை அச்சு. நான் வாங்கியது மூலப் பதிப்பு இல்லை என்பது பசை மணத்திலேயே தெரிந்தது. எழுத்து எறும்பு மாதிரி, மை சில பக்கங்களில் சாம்பல் நிறம். இரண்டாம் புத்தகத்தில் 16 பக்கம் இரண்டு தடவை வருகிறது. அந்த இடத்தில் வரவேண்டிய 16 பக்கமும் இல்லை. கடைக்காரருக்கு எடுத்துச் சொன்னேன். “தம்பி, அது கம்பனிப் பிழை” என்றார். எந்தக் கம்பனி என்று நானும் கேட்கவில்லை. மகளின் சிநேகிதி ஒருத்தி போனில் வைத்திருந்ததைப் பார்த்து, மகள் அந்த 16 பக்கத்தையும் சீ.ஆர். கொப்பியில் எழுதி, கிழித்து இடையில் சொருகினாள். அந்தப் பகுதியை நான் அவளுடைய கையெழுத்தில்தான் வாசித்தேன். உண்மையைச் சொன்னால் அச்சைவிட அது தெளிவு.

மற்றக் குறை கதையிலேயே இருக்கிறது. பீட்டாவா கேலா என்று கட்னிஸ் மனம் அலைகிற பக்கங்கள். முதல் புத்தகத்தில் அது பிழைப்புக்கான நடிப்பு, அதனால் சுவை. இரண்டாவதில் பாதிக்கு மேல் எனக்குக் கொட்டாவி. மகள் சொல்கிறாள் அதுதான் சிறந்த பகுதியாம். பதினைந்து வயதுக்காரருக்கு எழுதிய புத்தகம், அவள் சொல்வதும் கணக்கில் எடுக்கவேண்டும்.

பரசூட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போட்டிக் களத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு, காசுள்ளவர்கள் அனுப்பும் மருந்தும் சூப்பும் வெள்ளிநிறச் சின்னப் பரசூட்டில் இறங்கும். ரூ என்ற 12 வயதுப் பிள்ளை செத்த பிறகு, அவளுடைய 11ஆம் மாவட்டத்துச் சனம் காசு சேர்த்துக் கட்னிஸுக்கு ஒரு பாண் அனுப்புகிறது, பிறை வடிவில், மேலே விதை தூவி. நல்ல இடம், கண் கலங்கியது. ஆனால் எனக்கு வானத்திலிருந்து மெதுவாக இறங்குவது என்றால் பரா லைட்தான், போர்க்காலத்தில் இரவில் வெளிச்சத்துக்காகப் பரசூட்டில் போடுகிற விளக்கு. தம்பி ஒருமுறை அது விழுந்த இடத்துக்குப் போய் வெள்ளைச் சீலையை எடுத்துவந்து அம்மாவிடம் அடி வாங்கினான். மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் இந்தப் பரசூட் திரும்ப வருகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்த அத்தியாயத்தை இரவில் வாசிக்கவேண்டாம்.

மூன்றாம் புத்தகம் பலருக்குப் பிடிக்காதாம். எனக்கு அதுதான் மிகவும் கிட்ட வந்தது. அழிந்துபோனதாக எல்லாரும் நினைத்திருந்த 13ஆம் மாவட்டம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. காலையில் கையில் ஊதா மையால் அன்றைய வேலை முழுவதையும் அச்சடிப்பார்கள், இரவு குளிக்கும்போதுதான் அது அழியும். சாப்பாடு ஆளுக்கு இவ்வளவு என்று அளந்தபடி. கப்பிற்றலை எதிர்க்கும் நல்ல பக்கம்தான் இது. அங்கே ஒரு துண்டுப் பாண் கூடுதலாக எடுத்ததற்காகச் சிலரைச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பார்கள்.

இடம்பெயர்ந்து விசுவமடுவில் இருந்தபோது எங்கள் தராசுக்குக் கீழே சிந்துகிற அரிசியைக் கூட்டி எடுக்க ஒரு ஆச்சி வருவா. சுளகு கூடக் கொண்டுவருவா. மண்ணோடு சேர்த்து ஒரு சுண்டு தேறும். சிந்தியதும் இருப்புக் கணக்கில் சேரவேண்டும் என்பது மேலிடத்துச் சொல். நான் இரண்டு நாள் பேசாமல் விட்டேன். மூன்றாம் நாள், மேற்பார்வைக்கு ஆள் வந்திருந்த நேரம், சுளகை வாங்கி அரிசியைச் சாக்கில் கொட்டினேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, வெறும் சுளகைத் தட்டிவிட்டுப் போனா. அந்தச் சங்கிலி வருகிற பக்கத்தை மகள் கடந்து போய்விட்டாள், அவளுக்கு அது ஒரு சின்னச் சம்பவம். நான் அதில் மூன்று நாள் நின்றேன்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள். பதின்மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கவேண்டாம். கடையிலேயே நின்று பக்க இலக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். இதே உலகத்தில் 2020இலும் 2025இலும் முன்கதைகள் இரண்டு வந்திருக்கின்றன. மகள் கேட்டிருக்கிறாள், போனஸ் வந்தால் பார்க்கலாம்.

எங்கள் பெட்டி இப்போது நாலாவது பிள்ளையிடம் இருக்கிறது. பக்கத்து ஒழுங்கையில் இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். யார் முதல் என்று சண்டை வந்ததால் வரிசையை நான்தான் கொப்பியில் பதிகிறேன். ஒருத்தி தன் பெயரை இரண்டு தடவை எழுதச் சொன்னாள். எழுதவில்லை.