ரேடியோ பாய்ப்படகுச் சங்கம்: கரையில் ஒழுங்கு, நிர்வாகத்தில் தேக்கம்

ஆள் ஏறாமல், கரையில் நின்று ரேடியோவால் இயக்கப்படும் சிறு பாய்ப்படகுகளைப் பந்தயத்தில் ஓட்ட விரும்புபவருக்கு, தம் படகு வகைக்குரிய சங்கத்தில் சேருவதைத் தவிர வேறு வழியில்லை. விதிப்படி அமைந்தது என்று உறுதிசெய்யும் அளவீட்டுச் சான்றிதழும், படகை அடையாளம் காணப் பாயில் பொறிக்கும் பாய் எண்ணும் இல்லாத படகை முறையான பந்தயத்தில் இறக்க முடியாது. அவற்றைப் பெறும் வழி சங்கத்தின் ஊடாகவே செல்கிறது. நான் உறுப்பினராக உள்ள சங்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஊதியம் பெறும் ஊழியர் ஒருவர்கூட இல்லாமல், விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்களால் அது நடத்தப்படுகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

முதலில், சிறப்பாக நடப்பதைச் சொல்லிவிட வேண்டும். பந்தய நாளில் இச்சங்கத்தைக் குறைசொல்ல எனக்கு ஏதும் இல்லை. படகுகள் பல இருக்கும்போது அவற்றைக் குழுக்களாகப் பிரித்து, கடைசிக் குழுவை முதலில் ஓடவிட்டு, அதில் முன்னணியில் வரும் சில படகுகளை உடனே அடுத்த குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். அன்று காலையில் பின்தங்கியவரும் மாலைக்குள் மேலே ஏறிவர முடிகிறது. ஒரு குழு ஓடும்போது மற்றொரு குழுவைச் சேர்ந்தவர்கள் கரையோரமாகக் கூடவே நடந்து, மிதவை திருப்பத்தில் எந்தப் படகு எதனோடு உரசியது என்று பார்த்துப் பாய் எண்களை உரக்கச் சொல்கிறார்கள். தவறிழைத்தவர் ஒரு முழுச்சுற்று சுழன்று தண்டனையை முடித்துக்கொள்ள வேண்டும். (ஆள் ஏறி ஓட்டும் படகுகளுக்குப் பொதுவாக இரண்டு சுற்று, இங்கே ஒன்றே போதும் என்கிறது பந்தய விதிகளில் ரேடியோ படகுகளுக்கான பின்னிணைப்பு E.) இத்தனை வேலைக்கும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. முறை வந்தால் செய்கிறார்கள், முறை முடிந்தால் தத்தம் படகுக்குத் திரும்புகிறார்கள்.

நிர்வாகத்தின் கதை வேறு. நான் வாங்கிய, 'ஒன் மீட்டர்' என்ற வகையைச் சேர்ந்த பழைய படகுக்கு என் பெயரில் சான்றிதழ் தேவைப்பட்டது. இவ்வகைப் படகின் உடல் நீளம் 1000 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, எடை 4 கிலோவுக்குக் குறையக்கூடாது, சுக்கானையும் பாய்க்கயிறுகளையும் தவிர வேறு எதையும் ரேடியோவால் இயக்கக்கூடாது. அளவீட்டாளர் தராசு, நீர்த்தொட்டி, அளவுச்சட்டம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பொறுமையாகச் சரிபார்த்து, கையோடு படிவத்தில் கையெழுத்தும் இட்டுக் கொடுத்தார். அதன்பின் அந்தப் படிவம் செயலாளரின் மேசையில் பந்தயப் பருவம் முடியும்வரை கிடந்தது. அவர் சோம்பேறி அல்லர். செயலாளர், பொருளாளர், பதிவாளர் ஆகிய மூன்று பொறுப்புகளும் அவர் ஒருவர் தலையிலேயே விழுந்திருந்தன. அவற்றில் ஒன்றையாவது பிறரிடம் கொடுக்கலாமே என்றால், தலைவருக்கு அதில் விருப்பமில்லை.

படகு விதிகளுக்கு விளக்கம் தரும் தொழில்நுட்பக் குழுவைப் பற்றிய என் குறை இதைவிடக் கூர்மையானது. இவ்வளவு சிறிய விளையாட்டில் விதிகளை நுணுக்கமாக அறிந்தவர்கள் பெரும்பாலும் படகு கட்டி விற்பவர்களாகவே இருக்கிறார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டுக் குழு அமைப்பது நடக்காத காரியம். ஆனால் ஒரு பாகம் விதிக்கு உட்பட்டதா என்ற கேள்விக்கு, அதே பாகத்தைத் தயாரித்து விற்பவரே விளக்கம் எழுதினால், அந்த விளக்கம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் யார் நம்புவார்கள்? தன் வணிகத்தைத் தொடும் கேள்வி வரும்போது உறுப்பினர் விலகி இருக்க வேண்டும் என்ற ஒற்றை வரியை எங்கள் சங்க விதிகளில் இதுவரை சேர்க்கவில்லை. கேட்டால், "அப்படியானால் நீங்களே வந்து செய்யுங்களேன்" என்ற பதில்தான் வருகிறது. உழைப்பவரின் சலிப்பு அதில் இருப்பது உண்மைதான். ஆயினும் சந்தா கட்டியவரின் கேள்விக்கு அது பதிலாகாது.

சங்கத் தலைமையைச் சுற்றி எழுந்த சண்டை உச்சத்துக்குப் போனபோது தலைவர் விலகினார். வங்கிக் கணக்கின் கையெழுத்துரிமை, இணையதளத்தின் கடவுச்சொல், உறுப்பினர் பட்டியல் ஆகிய அனைத்தும் அவரோடு போயின. எதையும் எழுதி ஒப்படைக்கும் வழக்கம் இருந்ததில்லை. உலகப் பாய்ப்படகு அமைப்பான வேர்ல்டு செய்லிங் பந்தய விதிகளை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. 2025–2028 பதிப்பு நடைமுறைக்கு வந்த பிறகும் எங்கள் பந்தய அறிவிப்புகள் முந்தைய பதிப்பையே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தன, ஏனெனில் அந்தக் கோப்பைத் திருத்தும் அனுமதி எவரிடமும் இல்லை. அடுத்து நடந்த பொதுக்குழுவில் ஒவ்வொரு பதவிக்கும் ஒருவரே நின்றார். செயலாளர் பதவிக்கு மட்டும் அந்த ஒருவர்கூட இல்லை.

கரையிலும் நிர்வாகத்திலும் இருப்பவர்கள் அதே மனிதர்கள்தான். கரையில் பொறுப்பு முறைவைத்துக் கைமாறுகிறது, அதனால் எவரும் களைப்பதில்லை. செயற்குழுவில் பதவிக்காலத்துக்கு வரம்பும் இல்லை, ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணையாளும் இல்லை, எனவே இருப்பவர் சோர்ந்து உடையும்வரை இருக்கிறார், உடையும்போது அனைத்தும் சேர்ந்து நின்றுபோகிறது. புதிய செயற்குழு பதிவாளர் பொறுப்பை மட்டும் தனியாகப் பிரித்திருக்கிறது; அதன்பின் விண்ணப்பித்த நண்பருக்குச் சான்றிதழ் தாமதமின்றி வந்தது.

பந்தயத்துக்காகச் சேர விரும்புபவர் தயங்காமல் சேரலாம். பழைய படகு வாங்குவதாக இருந்தால், முந்தைய உரிமையாளரின் சான்றிதழையும் அளவீட்டுப் படிவங்களையும் படகோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தின் நகலைப் பதிவாளரோடு நிறுத்தாமல் அளவீட்டாளருக்கும் அனுப்பிவையுங்கள். சங்கத்தின் நிர்வாகத்துக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், பந்தய ஏற்பாட்டுக்கு ஐந்தும்.